வீட்டு உறுதியும் விவாகரத்தும்: கல்முனைக் கரையோரத்தில் ஆதனம், தாபரிப்பு, பிள்ளைப் பராமரிப்பு

விவாகரத்து என்பது இருவருக்கிடையே நிலவிய உறவின் முறிவு என்றே பெரும்பாலும் பேசப்படுகின்றது. இலக்கியம் அதனை மனத்துயராகவும், மார்க்க அறிஞர் அதனை ஒழுக்கப் பிரச்சினையாகவும், சட்டவியலாளர் அதனை நடைமுறைப் பிரச்சினையாகவும் நோக்குவர். இந்நோக்குகள் எவையும் பொய்யல்ல. ஆயினும், குடும்பம் உணர்வுகளின் சேர்க்கை மாத்திரமன்று. ஆதனத்தை வைத்திருப்பதும், உழைப்பைப் பங்கிடுவதும், அடுத்த தலைமுறையை வளர்த்தெடுப்பதுமான ஒரு பொருளாதார அலகும் அதுவேயாகும். அவ்வலகு உடையும்போது வீடு யாருக்கு, வயல் யாருக்கு, கைமாறிய பணம் யாருக்கு, பிள்ளை யாரிடம் என்னும் வினாக்கள் தவிர்க்க முடியாதவாறு எழுகின்றன.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் முஸ்லிம் ஊர்களில் இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடை இலங்கையின் பிற பகுதிகளிற் கிடைக்கும் விடையிலிருந்து பெரிதும் வேறுபட்டது. பிற இடங்களில் விவாகரத்துப் பெற்ற பெண் கணவன் வீட்டை விட்டு வெளியேறுவாள். இங்கோ வெளியேறுபவன் கணவனே. இவ்வேறுபாட்டின் பொருளியல் அடிப்படையையும், அது தரும் பாதுகாப்பின் எல்லையையும், அப்பாதுகாப்பு இன்று எவ்வாறு கரைந்து வருகின்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குடியும் சீதனமும்

கிழக்குக் கரையோரத்து முஸ்லிம்களும் அவர்தம் அயலவரான தமிழரும் தாய்வழிக் குடிமுறையைப் பொதுவாகக் கொண்டவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணவினை இல்லை. மச்சான், மச்சி முறையினருக்கிடையிலான மணம் விரும்பப்படுவது. மணமானதும் கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து சேருவான். இவ்வமைப்பை அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக விளக்கியுள்ளார். இரு சமயத்தவரும் ஒரே முறையைப் பின்பற்றுவதிலிருந்து, இதன் வேர் சமய நூல்களில் அன்றி இப்பிரதேசத்தின் நிலவுடைமை உறவுகளிலேயே தேடப்பட வேண்டியது என்பது தெளிவாகும்.

இம்முறையின் மையத்தில் நிற்பது சீதன வீடு. மூத்த மகள் மணமுடிக்கும்போது பெற்றோர் தாம் குடியிருந்த வீட்டையே அவளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, இளைய பெண்களுடன் அதே வளவிலோ அருகிலோ கட்டிய வேறொரு வீட்டுக்குச் செல்வது வழக்கமாயிருந்தது. வசதி படைத்தோர் வீட்டுடன் நெற்காணியும் கொடுப்பர். ஆண்மக்களின் உழைப்பு சகோதரிகளின் வீடுகளைக் கட்டுவதிற் செலவாகும். அவ்வாறு உழைத்த ஆண், வேறு சகோதரர்கள் தம் சகோதரிக்கெனக் கட்டிய வீட்டிற்கு மாப்பிள்ளையாகச் சென்று வாழ்வான். எனவே ஆணின் உழைப்பு பெண்ணின் பெயரில் வீடாகத் திரள்கின்றது என்பதே இங்குள்ள பொருளாதாரச் சுழற்சியின் சாரம் எனலாம்.

இதன் விளைவாக, பெற்றோரின் இறப்பின்பின் பகிரப்படவேண்டிய ஆதனத்தின் பெரும்பகுதி அவர்கள் உயிருடனிருக்கும்போதே பெண்மக்களைச் சென்றடைந்துவிடுகின்றது. இஸ்லாமிய வழியுரிமைச் சட்டத்தின்படி மகனுக்குரிய பங்கில் அரைவாசியே மகளுக்குரியது. ஆனாற் பங்கிடுவதற்கு எஞ்சியிருப்பது சொற்பமாகையால் அவ்விதி இங்கு பெருமளவு செயலற்றதாகிவிடுகின்றது. மட்டக்களப்புப் பிரதேசத்தில் வழங்கிய முக்குவச் சட்டம் பற்றிக் கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876இல் நூல் வெளியிட்டார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துடன் அச்சட்டம் வழக்கொழிந்தது. முஸ்லிம்களுக்கெனத் தொகுக்கப்பட்ட 1806ஆம் ஆண்டுச் சட்டக்கோவை 1852இல் தீவு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. இவ்வாறு எழுத்திலுள்ள சட்டம் இரு சமூகத்தவருக்கும் தாய்வழித் தன்மையை இழந்தபின்னரும், வழக்கம் சீதன உறுதி என்னும் வடிவில் உயிர் பிழைத்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். தாய்வழி முறையைத் தாய் ஆட்சி எனக் கொள்வது தவறு. குடியின் பிரதிநிதிகளாகப் பள்ளிவாசலில் அமர்ந்த மரைக்காயர்கள் ஆண்களே. வயலின் உறுதி பெண்ணின் பெயரில் இருப்பினும், விதைப்பையும் விற்பனையையும் தீர்மானிப்போர் தந்தை, சகோதரன், கணவன் ஆகியோரே. உடைமை வேறு, உடைமையின் மீதான கட்டுப்பாடு வேறு என்பதைத் தென்னாசியப் பெண்களின் நிலவுரிமை பற்றிய தமது 1994ஆம் ஆண்டு நூலிற் பீனா அகர்வால் வற்புறுத்துகின்றார். தந்தைவழி உரிமையின் தோற்றத்தைத் தனியுடைமையுடன் இணைத்து 1884இல் எங்கெல்ஸ் எழுதிய நூல் நமக்கு ஆய்வுமுறையைத் தருகின்றது. எனினும், தாய்வழியைக் கடந்துபோன ஒரு வரலாற்றுக் கட்டமாக மாத்திரம் காண்போருக்கு, தனியுடைமையுடனேயே அது நீடிக்கும் இக்கரையோரம் ஒரு மறுபரிசீலனையை வேண்டி நிற்கின்றது.

2. சட்டம் ஆதனத்தை எவ்வாறு கூறுபோடுகின்றது

இலங்கை முஸ்லிம்களின் மணமும் மணமுறிவும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. 1954இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் காதி நீதிமன்றங்களுக்கு நியாயாதிக்கம் வழங்கியது. இதன்கீழ் மணத்துடன் தொடர்புடைய சொத்துக்களை மூன்றாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது மகர். இது மணமகன் மணமகளுக்குக் கொடுக்கவேண்டியது. அவளுக்கு மட்டுமே உரியது. செலுத்தப்படாத மகர் கணவனின் கடனாகும். ஆயின் பெரும்பாலான மணங்களில் மகர் பெயரளவிலான சிறு தொகையாகவே எழுதப்படுவதால், முறிவின்போது அது பெண்ணுக்குப் பெரிதும் கைகொடுப்பதில்லை.

இரண்டாவது கைக்கூலி. பெண்வீட்டார் மணமகனிடம் கொடுக்கும் பணத்தை மக்கள் வழக்கிலே மாப்பிள்ளையின் விலையெனக் கருதுவர். சட்டமோ அதற்கு முற்றிலும் வேறான பொருள் கொள்கின்றது. மணப்பெண்ணின் பயன்பாட்டுக்கென மணமகனிடம் கொடுக்கப்பட்ட, அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்பட்ட பணமும் அசையும் ஆதனமுமே கைக்கூலி என்பது சட்டத்தின் வரைவிலக்கணம். ஆகவே கணவன் அதன் உரிமையாளனல்லன். அவள் பொருட்டு அதனைக் கையேற்றவன் மாத்திரமே. மனைவி அதனைத் திரும்பக் கோரலாம். இவ்வுரிமை பல பெண்களுக்குத் தெரியாதிருப்பதும், தெரிந்திருப்பினும் கொடுத்த தொகைக்கு எழுத்துச் சான்று இல்லாதிருப்பதும் இவ்வேற்பாட்டின் பயனைக் குறைக்கின்றன. மணப்பதிவின்போது கைக்கூலியின் தொகை முழுமையாக எழுதப்படுமாயின் அப்பதிவே பின்னர் சாட்சியாக நிற்கும்.

மூன்றாவது சீதனமாகக் கொடுக்கப்பட்ட வீடு, வளவு, வயல் ஆகியன. இவை அசையா ஆதனங்களாதலால் கைக்கூலியின் வரைவிலக்கணத்துள் அடங்கா. இவை பற்றிய பிணக்குகளுக்குக் காதியாரிடம் பரிகாரமில்லை; மாவட்ட நீதிமன்றத்துக்கே செல்லவேண்டும். அங்கு முதலிற் கேட்கப்படும் வினா உறுதி யாருடைய பெயரில் உள்ளது என்பதாகும். பெண்ணின் பெயரில் மாத்திரம் உறுதி இருப்பின் அவள் நிலை உறுதியானது. முஸ்லிம் சட்டத்திற் கணவன் மனைவியின் ஆதனம் தனித்தனியானது. மணத்தினால் மனைவியின் சொத்துக் கணவனைச் சேராது. உறுதி இருவர் பெயரிலும் எழுதப்பட்டிருப்பின் பெற்றோர் மகளுக்கெனக் கட்டிய வீட்டின் அரைவாசி பிரிந்து செல்லும் கணவனுக்குரியதாகிவிடும். மணப்பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டாரின் வற்புறுத்தலால் மாற்றப்படும் ஒரேயொரு சொல், பத்தாண்டுகளுக்குப் பின்னர் ஒரு பெண்ணும் அவள் பிள்ளைகளும் எங்கே உறங்குவர் என்பதைத் தீர்மானிக்கின்றது.

நன்கொடை உறுதியிலும் ஒரு நுட்பம் உண்டு. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முஸ்லிம் ஒருவர் எழுதும் நன்கொடை உறுதி மீளப்பெற முடியாதது என்று அவ்வுறுதியிலேயே கூறப்பட்டாலன்றி அவ்வாறு கருதப்படமாட்டாது. சீதனமாகக் கொடுக்கப்பட்டது என்ற நம்பிக்கையில் இவ்வாசகத்தை எழுதுவிக்காது விடுவோர், குடும்பத்தில் மனக்கசப்பு ஏற்படும்போது கொடுத்த வீடே கேள்விக்குள்ளாவதைக் காண நேரலாம். நொத்தாரிசு வாசித்துக் காட்டும் உறுதியின் ஒவ்வொரு வரியையும் மணப்பெண்ணே கேட்டறிதல் இதனால் முக்கியமாகின்றது.

கணவன் மனைவியின் வளவிற் கட்டிய மேல்மாடி, வாங்கிப் போட்ட தறி, சேர்ந்து நடத்திய கடை ஆகியவற்றின் நிலை இதனினும் சிக்கலானது. மணவாழ்வில் இருவரும் தேடியதைப் பங்கிடுவதற்கான தனி விதி 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்படவில்லை. பற்றுச்சீட்டு யார் பெயரிலோ பொருள் அவருடையது என்னும் நிலையில், சமைத்தும் பிள்ளை வளர்த்தும் நூல் சுற்றியும் அப்பொருளுக்கு அடிகோலிய பெண்ணின் உழைப்புக் கணக்கில் வருவதில்லை. மனைவியின் வளவிலே தன் வருமானத்தைக் கொட்டிக் கட்டிவிட்டு வெறுங்கையுடன் சகோதரியின் வீட்டுக்குத் திரும்பும் தொழிலாளியின் உழைப்பும் அவ்வாறே கணக்கின்றிப் போவதுண்டு.

3. முறிவின் வகையும் பணத்தின் கணக்கும்

மணமுறிவை யார் கோருகின்றார், எவ்வகையாகக் கோருகின்றார் என்பது பணத்தின் கணக்கையும் மாற்றுகின்றது. கணவன் தலாக் மூலம் பிரிவதற்குக் காரணம் நிறுவவேண்டியதில்லை. காதியாருக்கு அறிவித்து, இணக்க முயற்சிக்குரிய காலத்தைக் கடந்தபின் அவன் அதனை நிறைவேற்றலாம். செலுத்தாத மகரும் இத்தாக் காலத்துத் தாபரிப்பும் அவனது பொறுப்பு. இத்தா பொதுவாக ஏறக்குறைய மூன்று மாதம். கருவுற்றிருப்பின் பிள்ளைப்பேறு வரை. அதன்பின் முன்னாள் மனைவிக்குத் தாபரிப்பு இல்லை.

மனைவி பஸஹ் கோரின், கணவனின் குற்றத்தைச் சாட்சியங்களுடன் நிறுவவேண்டும். மூன்று முஸ்லிம் மதிப்பீட்டாளர் முன்னிலையில் விசாரணை நிகழும். சட்டத்தரணிகள் காதி நீதிமன்றில் ஆசராக முடியாது. செலவு குறையும் என்பது இதன் நன்மை. வாதத்திறனும் ஊர்ச்செல்வாக்கும் உள்ள தரப்பு மேலோங்கும் என்பது இதன் தீமை. குலா முறையில் மனைவி ஏதேனும் ஈடு கொடுத்து விடுதலை பெறுவாள். விரைவில் விடுபட விரும்பும் பெண், கைக்கூலியையோ நிலுவைத் தாபரிப்பையோ விட்டுக்கொடுத்து உடன்படும் பேரத்துக்கு இம்முறை இடமளிக்கின்றது. இங்கு வறுமையே பேரத்தின் விதியை எழுதுகின்றது. போடியாரின் மகள் வயல் வருமானத்தைக் கொண்டு காத்திருக்கலாம். நெசவாளியின் மகளோ மீன்பிடித் தொழிலாளியின் மகளோ காத்திருக்க முடியாது.

4. பிள்ளை யாரிடம்?

பிள்ளைகளின் தாபரிப்புப் பற்றிய கட்டளையைக் காதியார் பிறப்பிக்கலாம். பிள்ளை யாருடைய பாதுகாவலில் இருக்கவேண்டும் என்பதையோ மாவட்ட நீதிமன்றமே தீர்க்கவேண்டும். ஒரே பிள்ளையின் சோறு ஒரு மன்றிலும் உறைவிடம் இன்னொரு மன்றிலுமாகப் பேசப்படுவது இச்சட்ட அமைப்பின் முரண்பாடாகும்.

நடைமுறையில் இக்கரையோரத்திற் பாதுகாவல் வழக்குக்கான தேவை குறைவு. பிள்ளை ஏற்கெனவே தாயின் வீட்டிலேயே இருக்கின்றது. சுற்றிலும் தாயின் தாய், பெரியம்மா, சாச்சி ஆகியோரின் வீடுகள். தந்தை சென்றபின்னும் பிள்ளையின் பாடசாலையோ விளையாட்டுத் தோழரோ மாறுவதில்லை. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ சட்டநெறியும் சிறு பராயத்துப் பிள்ளையைத் தாயிடமும், அவளுக்குப்பின் தாயின் தாயிடமும் ஒப்படைக்கின்றது. குடிவழக்கமும் மார்க்கச் சட்டமும் இவ்விடத்தில் ஒன்றையொன்று தழுவி நிற்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும், பிள்ளை தாயிடம் இருப்பதும் தந்தை பொறுப்பிலிருந்து விலகுவதும் ஒன்றல்ல. இரண்டும் ஒன்றாகக் கருதப்படும்போதே சிக்கல் தோன்றுகின்றது. முன்னாள் மனைவியின் வளவுக்குள் காலெடுத்து வைக்கத் தயங்கும் தந்தை பிள்ளையைக் காண்பதையே நிறுத்திவிடுவதுண்டு. மறுமணம் செய்தவனின் வருமானம் புதிய வீட்டிற் செலவாகும். முதற் பிள்ளைகளின் தாபரிப்பு மாதக்கணக்கிற் பிந்தும். காதியாரின் பணக்கட்டளையை நிறைவேற்ற நீதவான் நீதிமன்றத்தின் துணை வேண்டும். அதற்கும் அலைச்சல் உண்டு. இத்தகைய நிலையில் மாமி வீட்டை, அதாவது தந்தையின் சகோதரியின் வீட்டைப் பயன்படுத்துதல் பயனுள்ள வழியாகும். உறவுமுறையால் அது பிள்ளைக்கு நெருக்கமான வீடு. தந்தை அங்கே பிள்ளையைச் சந்திக்கவும், பெருநாளிற் புத்தாடை கொடுக்கவும், பாடசாலைச் செலவைப் பேசவும் கூடும். இரு வீட்டாரும் நாளும் கிழமையும் குறித்து எழுதி ஒப்புக்கொண்டால், பிள்ளை தூதுவனாக அலையவேண்டியதில்லை.

ஆனாற் பிள்ளைப் பராமரிப்பின் மிகப் பெரிய செலவு தாபரிப்புக் கட்டளையில் இடம்பெறுவதேயில்லை. அது மகளின் சீதன வீடாகும். தந்தை மகளை மணமாகும்வரை தாபரிக்கக் கடமைப்பட்டவன். அக்கடமை உணவு, உடை, உறையுள், கல்வி என்னும் அளவில் மதிப்பிடப்படுகின்றது. வீடின்றி மணமில்லை என்னும் சமூக விதியோ அவளுக்கு ஒரு வீட்டை வேண்டுகின்றது. பிரிந்து சென்ற தந்தை அதைக் கட்டப்போவதில்லை. எனவே விவாகரத்துப் பெற்ற தாய் தனது சீதன வீட்டையே மகளுக்கு எழுதிக்கொடுத்து, அவ்வீட்டின் அறையொன்றிற் குடியிருக்கும் நிலைக்கு வருகின்றாள். தனது சீவிய உரித்தை உறுதியில் ஒதுக்கிவைக்காத தாய் முதுமையிற் சட்டப்படி இடமற்றவளாகின்றாள். இரண்டு பெண்மக்கள் இருப்பின் ஒரு வீடு போதாது. இன்னொன்றைக் கட்டும் பொருட்டு மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்லுதலே பலருக்கு எஞ்சும் வழி. அப்போது பிள்ளை தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. தாயின் தாயிடமே வளர்கின்றது.

இத்தனைக்கும் பின்னர் மகளின் நிக்காஹ் நாளன்று வலியாக வந்து அமரும் உரிமை தந்தைக்கே உரியது. ஆண்டுக்கணக்கிற் தாபரிப்புச் செலுத்தாதவனும் அன்று தேடி அழைக்கப்படுவான். வீடு கட்டிய தாயின் கையொப்பத்துக்கு அங்கு இடமில்லை. உழைப்பு ஒரு பக்கமும் அதிகாரம் மறுபக்கமுமாகப் பிரிந்து கிடப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி பிறிதொன்றில்லை.

5. கரையும் பாதுகாப்பு

சீதன வீடு தந்த பாதுகாப்பு மூன்று வழிகளிற் கரைந்து வந்துள்ளது.

முதலாவது, பணத்தின் ஆதிக்கம். 1977இன் திறந்த பொருளாதாரமும் மத்திய கிழக்குத் தொழில்வாய்ப்பும் ஊருக்குட் பணத்தைக் கொண்டுவந்தன. வீட்டுடன் பெருந்தொகைப் பணமும் கேட்கப்படலாயிற்று. வீடு நிலைத்து நிற்கும். மாப்பிள்ளையின் கையிற் சேர்ந்த பணம் வியாபாரத்திலும் கடனிலும் கரைந்துவிடும். சட்டம் அது பெண்ணுக்குரியது என்று கூறினும், இல்லாத பணத்தை மீட்பது கடினம்.

இரண்டாவது, அரச காணி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதனையொத்த குடியேற்றங்களும் காணியைக் குடும்பத் தலைவன் என்ற வகையில் ஆணுக்கே பெரும்பாலும் வழங்கின. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரித்து அட்டவணை, 2022இல் நிறைவேறிய திருத்தம் வரை பெண்ணினும் ஆணை முற்படுத்தியது. ஊர்வழக்கம் பெண்ணுக்கு நிலம் கொடுத்த பிரதேசத்திலேயே அரசு ஆணுக்கு நிலம் கொடுத்தது. உத்தரவுப்பத்திரம் கணவனின் பெயரில் இருக்க, அவ்வயலிற் களைபிடுங்கிய மனைவி முறிவின்பின் அதில் எவ்வுரிமையும் அற்றவளாவாள்.

மூன்றாவது, கடற்கோள். 2004 டிசம்பர் 26ஆந் திகதி அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் கடலோர வளவுகள் அழிந்தன. அழிந்த வீடுகளிற் பல பெண்களின் சீதன வீடுகள். கிழக்கிற் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குட் கட்டுவதற்கு முதலில் விதிக்கப்பட்ட தடை, பலரைப் புதிய குடியிருப்புகளுக்கு இடம்பெயரச் செய்தது. அங்கும் குடும்பத் தலைவன் என்னும் கருத்தாக்கமே உதவிக்கும் உரிமைப் பத்திரத்துக்கும் அடிப்படையாயிற்று. தாயின் வளவில் மகளுக்கு வீடு என்னும் தொடர்ச்சி அறுந்தது. பெண்ணின் பெயரிலிருந்த வீட்டுக்கு ஈடாகக் கிடைத்தது ஆணின் பெயருக்கு மாறியது. அவ்வாறு மாறிய வீட்டில் மணம் முறியும்போது, இப்பிரதேசத்தின் வரலாற்றில் வழக்கமில்லாத ஒன்று நிகழ்கின்றது: வெளியேறவேண்டியவள் மனைவியாகின்றாள்.

6. பிற அனுபவங்களும் நமது பணியும்

இப்பிரச்சினைகளுக்கு முஸ்லிம் சட்டமரபுக்குள்ளேயே விடையில்லை என்போர் மலேசியாவை நோக்கவேண்டும். நம்மைப் போன்றே ஷாபிஈ சட்டநெறியைப் பின்பற்றும் அந்நாட்டில், மணவாழ்வில் இருவரும் தேடிய சொத்தை முறிவின்போது பங்கிடும் மலாய் வழக்காறு, 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தில் இடம்பெற்றது. வீட்டு உழைப்பும் அப்பங்கீட்டிற் கருத்திற் கொள்ளப்படுகின்றது. விவாகரத்துப் பெற்ற மனைவிக்குக் கணவன் வழங்கவேண்டிய மத்தாஹ்வும் அச்சட்டத்தில் உண்டு. இந்தியாவிலே 1985இல் ஷா பானு வழக்கின் தீர்ப்பும், 1986இன் சட்டமும், அச்சட்டத்துக்கு 2001இல் டானியல் லத்தீபி வழக்கில் உயர் நீதிமன்றம் அளித்த விளக்கமும், இத்தாக் காலத்துக்குள்ளேயே எதிர்காலத்துக்குமான நியாயமான ஏற்பாட்டைக் கணவன் செய்யவேண்டும் என்ற நிலைக்கு இட்டுச்சென்றன. இலங்கையில் 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இலேயே தனது அறிக்கையைக் கையளித்தது. சட்டச் சீர்திருத்தம் பற்றிய விவாதம் மார்க்கமா உரிமையா என்னும் எதிர்நிலைகளுக்குள் அகப்பட்டுக்கொண்டமைக்கு இந்நீண்ட காலமே சான்று.

அவ்விவாதம் முடியும்வரை காத்திராது செய்யத்தக்கவை உள. சீதன உறுதி பெண்ணின் பெயரில் மாத்திரம், மீளப்பெற முடியாதது என்னும் வாசகத்துடன் எழுதப்படலாம். கொடுக்கும் தாய் தனது சீவிய உரித்தை ஒதுக்கிக்கொள்ளலாம். கைக்கூலி தொகை குறித்துப் பதியப்படலாம். கணவன் கட்டும் கட்டடத்துக்கும் இருவரும் நடத்தும் தொழிலுக்கும் எழுத்திற் கணக்கு வைக்கப்படலாம். முறிவின்போது தாபரிப்புடன் கல்விச் செலவும், மகளின் வீட்டுக்கான தந்தையின் பங்கும் இணக்க உடன்படிக்கையிற் சேர்க்கப்படலாம். அரச காணியும் அரச வீடும் கணவன் மனைவி இருவருக்குமே உரித்தாக்கப்படவேண்டும் என்ற கோரிக்கை ஊர்ச் சங்கங்களிலிருந்து எழலாம்.

இவை எவையும் பிரச்சினையின் வேரைத் தீர்ப்பனவல்ல. வீடின்றி மணமில்லை என்னும் விதி நீடிக்கும்வரை, ஒரு பெண்ணின் பாதுகாப்பு இன்னொரு தலைமுறையின் உழைப்பை விழுங்கியே பெறப்படும். அவ்விதி சகோதரனைக் கடனாளியாக்குகின்றது. தாயைக் கடல் கடக்கச் செய்கின்றது. வீடு கட்ட இயலாதோரின் மகளை மணமின்றி இருத்துகின்றது. ஆகவே பெண்ணின் வீட்டுரிமையைக் காப்பதும், அதனை மணத்தின் விலையாக்கும் முறையை எதிர்ப்பதும் ஒருங்கே நிகழவேண்டும். சீதனத்தை ஒழிப்போம் என்று கூறுவோர், உழைப்பவளின் பெயரில் வேறுவழியால் வீடு சேர்வதற்கான ஏற்பாட்டையும் முன்வைத்தல் வேண்டும். அதனைச் செய்யாது சீதனத்தை மாத்திரம் ஒழித்தால், இக்கரையோரத்துப் பெண் இதுவரை பெற்றிருந்த ஒரேயொரு கூரையும் அவளிடமிருந்து பறிபோகும்.